குவில்ட் தைப்பவருக்குப் பரிசா? முதலில் அவர் கையைப் பாருங்கள்

ஜனவரி பிறந்தால் எங்கள் கிளினிக்கில் கட்டைவிரல் சீசன். ஹூஸ்டனில் கை, மணிக்கட்டுக்கான பிசியோதெரபி பார்க்கிறேன். பேரப்பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸுக்குள் முடித்தே தீருவது என்று ராப்பகலாகக் குவில்ட் தைத்தவர்கள், புத்தாண்டு கழிந்ததும் கட்டைவிரல் அடியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சில சமயம் கணவரும் கூட வருவார். "இந்த வருஷம்தான் துணி வெட்ட பெரிய கட்டராகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்" என்பார் பெருமையாக. நான் வாயை மூடிக்கொள்வேன்.

குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே வெட்டி ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு முழுத்துணி; மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். இந்த ஊரில் இதற்கென்று ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில், ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் பெரிய திருவிழாவே நடக்கிறது. அதனால் இங்கிருக்கும் நம்மவர்களுக்கு அலுவலகத்திலோ பக்கத்து வீட்டிலோ, ஏன் சம்பந்தி வீட்டிலேயோகூட, குவில்ட் தைப்பவர் ஒருவராவது தெரிந்திருப்பார். டிசம்பரில் அவருக்கு என்ன வாங்குவது என்று என்னைக் கேட்கிறார்கள்.

துணி வாங்காதீர்கள். அவர் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே பத்து வருஷத்துக்குத் தேவையான துணி இருக்கும். அதற்கு மேல் அவருடைய ரசனை நமக்குத் தெரியாது. நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: பழைய பட்டுப்புடவையைத் தூக்கிக் கொடுத்துவிடுவது. சரிகை வெட்டும் பிளேடையும் தையல் ஊசியையும் பாடாய்ப் படுத்தும். குவில்ட் வாஷிங் மெஷினில் போய் வர வேண்டிய பொருள். பட்டு அதைத் தாங்காது. பருத்தி என்றால் சரிதான், ஆனால் அதிலும் நான் சூடு கண்டவள். ஒருமுறை சிவப்பு மதுரைச் சுங்குடி ஒன்றை ஆசையாய்க் கொடுத்தேன். அலசி, சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அவருடைய வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஜா நிறமாகிவிட்டன. அவர் சிரித்தார், எனக்குத்தான் இன்னும் கூசுகிறது.

சரி, எதை வாங்கலாம்? என்னைக் கேட்டால் பிளேடு. பீட்சா வெட்டும் சக்கரம் போல உருளும் ரோட்டரி கட்டரை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் கொண்டுவந்தது. அதன்பின் கத்தரிக்கோலால் ஒவ்வொரு துண்டாக வெட்டுவது பெரும்பாலும் போய்விட்டது. அதற்கான மாற்றுப் பிளேடு விலை கொஞ்சம் கடி. அதனால் குவில்ட் தைப்பவர்கள் அதை மாற்றவே மாட்டார்கள். மழுங்கிய பிளேடால் ஒரே கோட்டை மூன்று தடவை அழுத்தி இழுப்பார்கள். விரல் நுனியில் 1 கிலோ அழுத்திப் பிடித்தால், கட்டைவிரல் அடி மூட்டில் அது ஏறத்தாழ 12 கிலோவாக இறங்கும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஒரு போர்வைக்கு எத்தனை நூறு வெட்டு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் கட்டைவிரல்களில் பாதிக்கு மேல் புதுப் பிளேடு போட்டாலே நிம்மதியாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வாங்குமுன் அவரிடம் இருக்கும் கட்டரின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 45 மி.மீ. இருக்கும். 60 மி.மீ. பல அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும்தான், ஆனால் சின்னக் கைக்கு அது பாரம். அந்தக் கணவர் வாங்கிக் கொடுத்தது அதைத்தான். புதுக் கட்டரே வாங்குவதென்றால், கைப்பிடியை அழுத்தினால் பிளேடு வெளியே வந்து, விட்டதும் தானே உள்ளே போகும் வகை நல்லது. வெட்டிவிட்டுத் திறந்த பிளேடை மேசையில் வைத்துவிட்டு, அப்புறம் துணிக்கு அடியில் கையால் துழாவி வெட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடதுகைக்காரரா என்பதையும் கவனியுங்கள். சில கட்டர்களில் பிளேடை மறுபக்கம் மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

வெட்டுக்காயம் பெரும்பாலும் கட்டர் பிடித்த கையில் வருவதில்லை, கோடு பிசகாமலிருக்கத் துணிமேல் ரூலரை அழுத்திப் பிடித்திருக்கும் கையில்தான் வரும். ஆள்காட்டி விரலோ கட்டைவிரலோ ரூலர் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ரூலர் கொஞ்சம் நழுவினால் போதும். ரூலரில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி ஒன்று விற்கிறது. வெட்டுத் தாங்கும் கையுறையும் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். கையுறையைப் பார்த்துச் சிரிப்பார்கள், கொடுங்கள்.

இனி, பரிசுப் பொட்டலம் போலவே தோன்றாத ஒரு பரிசு. சாப்பாட்டு மேசையின் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம், அமெரிக்கச் சமையலறை மேடை 36 அங்குலம். குவில்ட் தைப்பவர்கள் சாப்பாட்டு மேசையில்தான் வெட்டுகிறார்கள், முதுகை வளைத்துக்கொண்டு, மணிக்கணக்காக. கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கும் ரைசர் நான்கு வாங்கி மேசைக்கு வைத்துவிடுங்கள். மேசை ஆடாமல் நிற்கிறதா என்று நீங்களே அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கழுத்துவலி என்று என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்கு நான் கொடுத்த பயிற்சிகளைவிட அவர் மகன் வாங்கிவந்த ரைசர்தான் உதவியது. பில்லை எனக்குத்தான் கட்டினார், என்ன செய்ய.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடியுமா? அப்படியென்றால் லாங்-ஆர்ம் என்கிற பெரிய தையல் மெஷினில் தைத்துத் தருபவருக்கான கூலி. மேல்துணியை ஒட்டுப்போட்டு முடித்துவிடுவார்கள். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் கட்டத்தில் வேலை நின்றுவிடும். அந்தக் கனமான சுருளை வீட்டுத் தையல் மெஷினின் சின்ன இடைவெளிக்குள் தள்ளி இழுத்துத்தான் தோள்பட்டை போகிறது. பெரிய சட்டத்தில் போர்வையை விரித்து மெஷினை நகர்த்தித் தைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். சதுர அங்குலக் கணக்கில் கூலி. சாதாரணக் கோலத்துக்கு அங்குலத்துக்கு 2, 3 சென்ட் என்று வைத்தால், 90க்கு 100 அங்குலப் போர்வைக்கு 180 முதல் 270 டாலர் ஆகும். அலமாரியில் முடியாமல் கிடக்கும் மூன்று நான்கு போர்வைகளில் ஒன்று முடிந்து கட்டிலுக்கு வந்துவிடும். ஆனால் கையால்தான் தைப்பேன் என்பவரிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம், கோபம் வரும். அவருக்கு நல்ல மேசை விளக்கும் விரலுக்குப் பொருந்தும் தோல் விரலுறையும் போதும்.

சின்ன இஸ்திரிப்பெட்டியும் கம்பளி விரிப்பும் இப்போது பிரபலமான பரிசு. மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம், எழுந்திருக்கவே வேண்டாம் என்பது அதன் பெருமை. எனக்கு அதில்தான் குறை. இஸ்திரி மேசையை நாலு எட்டு தள்ளி வையுங்கள் என்றுதான் நான் சொல்வது. தேய்க்க எழுந்து போகிற சாக்கில்தானே முதுகு நிமிர்கிறது.

காந்த ஊசித்தட்டு பார்க்க அழகு, கீழே சிந்திய குண்டூசிகளை வாரிக்கொள்ளும். ஆனால் அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் காந்தம் குறைந்தது 6 அங்குலம் தள்ளியே இருக்க வேண்டும். அதை மடியில், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இவர்களுக்கு உண்டு.

மணிக்கட்டுப் பட்டை, இறுக்கமான கையுறை போன்றவற்றைப் பரிசாகத் தராதீர்கள். அளவு தப்பினால் வலி கூடும். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது, பாட்டில் மூடி திறக்கையில் கட்டைவிரல் அடி சுரீரென்கிறது, விரல் மடங்கி மாட்டிக்கொண்டு டக்கென்று நிமிர்கிறது என்றெல்லாம் அவர் சொன்னால், கடைக்குப் போகாமல் அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அப்புறம், பிளேடு பாக்கெட்டோடு ஒரு காலி மிட்டாய் டப்பாவையும் சேர்த்துக் கட்டுங்கள், இறுக மூடுகிற வகையாகப் பார்த்து. மழுங்கிய பிளேடுகளை அதில் போட்டு மூடிவைக்கலாம். குப்பைப் பையைக் கட்டும்போது விரலை அறுத்துக்கொண்டு போன வருஷம் என்னிடம் வந்தது குவில்ட் தைப்பவர் அல்ல, அவர் வீட்டுக்காரர்.