பழைய மலைச் சைக்கிளின் பின் ஷாக்கை மாற்றும் கணக்கு

1990களில் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த பொருள்களில், பின்சக்கரத்துக்கும் ஷாக் வைத்த மலைச் சைக்கிள்களும் உண்டு. அவற்றில் சில இன்றும் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளின் சாய்ப்புகளில் சாய்ந்து நிற்கின்றன. அலுமினியச் சட்டம் திடமாக இருக்கும், கியர்களும் ஓரளவு வேலை செய்யும், ஆனால் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் ‘டக்’கென்று அடியில் போய் முட்டும். அந்தச் சட்டங்கள் தூக்கி எறியத் தக்கவை அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஷாக்கை மட்டும் மாற்றினால் அவை பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துச் சரல் பாதைகளில் மீண்டும் ஓடும். ஆனால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ஷாக்கை வாங்கி மாட்டுவதற்கு முன்னால், பழைய ஷாக் என்ன வேலை செய்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காலத்துப் பல மாடல்களில், குறிப்பாக ப்ரோஃப்ளெக்ஸ் போன்றவற்றில், பின் ஷாக்கின் உள்ளே எண்ணெயும் இல்லை, காற்றும் இல்லை. நுண்ணிய குமிழ்கள் நிறைந்த பாலியூரிதேன் கட்டைகளை ஒரு தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்திருந்தார்கள். அமுக்கினால் அவை சுருங்கி ஆற்றலைச் சேமிக்கும், விட்டால் திருப்பித் தரும். சேமித்ததில் ஒரு பகுதியைத் தம்முள்ளேயே வெப்பமாக்கி இழந்தும் விடும். வில்லாக இருப்பது, துள்ளலை அடக்குவது என்ற இரண்டு வேலைகளையும் ஒரே கட்டை ஓரளவுக்குச் செய்தது. எடை குறைவு, கசிவதற்கு எதுவுமில்லை என்பதால் அந்த நாளில் அது நல்ல தீர்வாகவே இருந்தது.

அதன் பலவீனம் ஈரம். பாலியூரிதேனில் ஒரு வகை, நீர் மூலக்கூறுகளால் மெல்ல மெல்ல வெட்டுப்பட்டுச் சிதையும். வெப்பம் கூடினால் அந்த வேதிவினையும் வேகமெடுக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி உயர்ந்தே இருக்கிறது. ஆகவே பழைய ஷாக்கைத் திறந்தால், கட்டைகள் இருந்த இடத்தில் விரலில் ஒட்டும் பழுப்புநிறப் பிசினும் தொட்டால் உதிரும் துகளுமே கிடைக்கும்.

இங்கே எல்லோருக்கும் தோன்றும் யோசனை, நம் ஊர் ரப்பரிலேயே கட்டை வார்த்துப் போட்டால் என்ன என்பது. தமிழ்நாட்டின் ரப்பர் விளைச்சலில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான் கிடைக்கிறது. பால்வெட்டும் ஷீட் உலர்த்தலும் பலருக்கு அன்றாடத் தொழில். யோசனை இயல்பானது என்றாலும் இரண்டு காரணங்களால் அது கைகூடுவதில்லை. திண்மையான ரப்பரை அமுக்கினால் வடிவம்தான் மாறுமே தவிர கனஅளவு ஏறத்தாழ மாறுவதே இல்லை. உயரத்தில் குறைந்தது அத்தனையும் பக்கவாட்டில் பிதுங்கியாக வேண்டும். ஷாக்கின் குழாய்க்குள் பிதுங்க இடமில்லாவிட்டால், எவ்வளவு மென்மையான ரப்பரும் இரும்பைப்போல் இறுகி நின்றுவிடும். பழைய கட்டைகளில் குமிழ்கள் இருந்ததால் அவை தமக்குள்ளேயே சுருங்கிக்கொண்டன. மேலும், இயற்கை ரப்பர் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் இயல்புடையது. வில்லுக்கு இது சிறப்பு, துள்ளலை அடக்குவதற்கு இதுவே குறை. போதாததற்குப் பட்டறையில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிக் கெடும்.

எனவே சுருள்வில்லும் எண்ணெய்த் தணிப்பும் (துள்ளலை எண்ணெயால் அடக்கும் அமைப்பு) கொண்ட ஷாக்குக்கோ, காற்று ஷாக்குக்கோ மாறுவதுதான் வழி. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நெம்புகோல் விகிதம் தீர்மானிக்கிறது. பின்சக்கரம் மேலேறும் தூரத்தை, அதற்குள் ஷாக் சுருங்கும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. சக்கரம் 95 மி.மீ. ஏற, ஷாக் 38 மி.மீ. சுருங்குகிறது என்றால் சராசரி விகிதம் 2.5. கைப்பிடிப் பக்கம் மெல்லத் தள்ளினாலே நகரும் கதவை, கீலுக்குப் பக்கத்தில் தடுத்து நிறுத்துவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஷாக் இருப்பது அந்தக் கீல் பக்கத்தில். சக்கரத்தில் விழும் விசையைப் போல் இரண்டரை மடங்கை அது தாங்குகிறது.

பழைய மொபெட்டின் பின் ஷாக்கை எடுத்து மாட்டும் முயற்சி தோற்பதன் காரணமும் இதுவே. மொபெட்டில் ஷாக் அச்சுக்கு அருகிலேயே நிற்பதால் விகிதம் ஏறக்குறைய ஒன்று. அதுவும் இரண்டு ஷாக்குகள் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பார்வைக்குத் தடித்திருக்கும் அந்த வில், விகிதம் 2.5 உள்ள சைக்கிளில் ஏறி உட்கார்ந்த கணமே மடங்கிப்போகும்.

விகிதத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஷாக்கை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, சட்டத்தை அசையாதபடி தாங்கில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் அடியில் 10 மி.மீ. தடிமனுள்ள பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் ஷாக் மாட்டும் இரு போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் அதில் கிடைக்கும் பட்டியல் விலைமதிப்பற்றது. ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் துளைத் தூரம் முதலில் 3.5, பிறகு 4, கடைசியில் 4.5 மி.மீ. என்று கூடுதலாகக் குறைந்துகொண்டே போனால், சக்கரம் ஏற ஏற அமைப்பு கடினமாகிறது. அப்படிப்பட்ட சட்டத்தில் சுருள்வில் நன்றாகப் பொருந்தும். எதிர்மாறாக, குறையும் அளவு சிறிதாகிக்கொண்டே வந்தால் கடைசிப் பகுதியில் அமைப்பு இளகுகிறது என்று பொருள். பாலியூரிதேன் கட்டை அமுங்க அமுங்கத் தானாகவே இறுகியதால் முன்பு அந்தக் குறை வெளியே தெரியவில்லை. சுருள்வில்லின் எதிர்ப்போ முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராகத்தான் கூடும். அதை அங்கே வைத்தால் ஒவ்வொரு குழியிலும் ஷாக் அடியில் முட்டும். காற்றின் கனஅளவைப் பாதியாக்கினால் அழுத்தம் குறைந்தது இரு மடங்காகும் என்பதால், இத்தகைய சட்டங்களுக்குக் காற்று ஷாக்கே ஏற்றது. அதற்கான தனிப் பம்பையும் சேர்த்தே வாங்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை அதன் சிறிய காற்றறையில் வைத்து அழுத்தத்தைச் சரியாக நிறுத்துவது இயலாது.

சுருள்வில்தான் என்று முடிவானால், அதன் வலுவைக் கணக்கிட்டே வாங்க வேண்டும். ஓட்டுபவர் தோள்பையோடு 70 கிலோ என்றும், அதில் 60 விழுக்காடு பின்சக்கரத்தில் இறங்குகிறது என்றும் கொள்வோம். சக்கரத்தில் 42 கிலோ, விகிதம் 2.5 என்பதால் ஷாக்கில் 105 கிலோ. ஏறி உட்கார்ந்தவுடன் ஷாக் தன் ஓட்டத்தில், அதாவது முழுதாகச் சுருங்கக்கூடிய தூரத்தில், கால்பங்கு அமுங்கியிருப்பது நல்லது. அப்போதுதான் சக்கரம் குழிக்குள் இறங்கவும் இடமிருக்கும். 38 மி.மீ.யில் கால்பங்கு 9.5 மி.மீ. 105ஐ 9.5ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 11 கிலோ. அங்குலக் கணக்கில் சுமார் 620 பவுண்டு. இத்தகைய வில்களின் மேல் 600 × 1.5 என்பதுபோல் பொறித்திருப்பார்கள். முதல் எண் ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான பவுண்டு, அடுத்தது ஓட்டம் அங்குலத்தில். இந்த உதாரணத்துக்கு 600 பொருந்தும். இளகிய வில்லை வாங்கிவிட்டுத் திருகு வளையத்தை இறுக்கிச் சரிக்கட்டலாம் என்பது பரவலான தவறான எண்ணம். இறுக்குவதால் வில் அமுங்கத் தொடங்கும் விசைதான் கூடும், அதன் கடினம் இம்மியும் மாறாது.

இந்த வேலையில் ஆபத்தான இடம் ஷாக்கின் நீளம். 165 மி.மீ. ஷாக் இருந்த இடத்தில், ஓட்டம் அதிகம் கிடைக்குமே என்று 190 மி.மீ. ஷாக்கைப் பொருத்துபவர்கள் உண்டு. கூடிய 25 மி.மீ., சக்கரத்தில் 60 மி.மீ.க்கு மேல் ஆகிறது. பின்பக்கம் அவ்வளவு உயர்ந்தால், அச்சுகளுக்கிடையே சுமார் 105 செ.மீ. உள்ள சைக்கிளில் சட்டம் முழுவதும் மூன்று டிகிரிக்கு மேல் முன்னோக்கிச் சாயும். தரையோடு 71 டிகிரியாக இருந்த முன்கவைக் கோணம் 74ஐத் தாண்டும். இறக்கத்தில் ஹேண்டில் நிலைகொள்ளாமல் திரும்பும். ஓட்டுபவர் முன்பக்கம் கவிழும் வாய்ப்பும் கூடும். நீளம் மாறக் கூடாது. ஓட்டம் கூடினாலும் டயர் இருக்கைக் குழாயில் உரசும் என்பதால் அதையும் பழைய அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, துள்ளலை அடக்குவது. மேற்சொன்ன 600 பவுண்டு வில், அந்த ஓட்டுநரோடு சேர்ந்து நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மேலும் கீழும் ஆட விரும்பும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவரின் கால்கள் தரும் உந்துதலும் நொடிக்குச் சரியாக மூன்று. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளுவதற்குச் சமமான இந்த ஒத்ததிர்வால்தான், தணிப்பு செத்த ஷாக்கோடு ஏற்றத்தில் மிதிக்கும்போது சைக்கிள் குதிரைபோல் குதிக்கிறது. உழைப்பில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது. எண்ணெய் ஷாக்கில், சிறு துளைகள் வழியே எண்ணெய் பிழிந்து செல்லும்போது அந்த ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடும். உயர் அழுத்த நைட்ரஜன் அடைத்த ஷாக்கை மட்டும் பட்டறையில் திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் பாகம் தெறித்துக் காயப்படுத்தும்.

சுழல் புள்ளியில், அதாவது பின்பகுதி சட்டத்தோடு இணைந்து ஆடும் இடத்தில், தேய்ந்த புஷ்ஷை இருந்தபடியே விட்டுவிட்டுப் புது ஷாக் மாட்டுவது பணத்தை வீணாக்குவது. 60 மி.மீ. அகலமுள்ள புஷ்ஷில் 0.2 மி.மீ. தளர்வு இருந்தால், 450 மி.மீ. தள்ளியுள்ள பின்சக்கர அச்சில் அது 1.5 மி.மீ. பக்கவாட்டு ஆட்டமாகும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள லேத் பட்டறைகளில் கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் கடைந்து வாங்கலாம். பழைய புஷ்ஷை மாதிரியாகக் கொடுக்காமல், தேயாத அச்சுத்தண்டையும் சட்டத்தின் துளையையும் அளந்து கொடுக்க வேண்டும். மாதிரியைக் கொடுத்தால் அதன் தேய்மானமும் சேர்ந்தே கடைந்து வரும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் பல ஆண்டுகள் நின்ற சைக்கிள் என்றால், அலுமினியச் சட்டத்தில் இறங்கிய இரும்பு போல்ட் அசைய மறுக்கும். இரு வேறு உலோகங்களுக்கு இடையே உப்பு ஈரம் புகுந்தால் சிறு மின்கலம்போல் வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அரிப்பில் உண்டாகும் வெண்பொடி இடத்தை அடைத்துப் போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, சட்டத்தை மிதமாகச் சூடாக்கினால் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிந்து வழிவிடும். திரும்ப மாட்டும்போது மரைகளில் கிரீஸ் தடவாமல் விடக் கூடாது.

எல்லாம் பொருந்தியபின், வில்லைக் கழற்றிய நிலையில் ஷாக்கை முழுவதும் அமுக்கி, டயர், செயின், கியர் கேபிள் எதுவும் எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். பிறகு வில்லை மாட்டி, ஷாக் தண்டில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தைச் செருகி, வழக்கமாக ஓட்டும் பாதையில் ஒரு முறை போய் வாருங்கள். ஷாக் எதுவரை அமுங்கியதோ அதுவரை வளையம் தள்ளப்பட்டிருக்கும். ஓட்டத்தின் எல்லைக்கு 3, 4 மி.மீ. முன்னால் நின்றிருந்தால் அந்தப் பாதைக்கும் அந்த எடைக்கும் வில் சரி. ஒவ்வொரு முறையும் எல்லையில் போய் முட்டினால் 650க்கு மாற வேண்டும்; பாதி தூரம்கூட வராமல் நின்றால் 550 போதும்.