முளைகட்டின பயறை ஃப்ரிட்ஜ் என்ன பண்ணுது?

எங்க அம்மா ராத்திரி பச்சைப்பயறை ஊறப்போட்டு காலைல வெள்ளைத்துணில மூட்டை கட்டி சிங்க் மேல தொங்கவிட்டாங்கன்னா மறுநாளே நல்லா வால் விட்டிருக்கும், சிங்கப்பூர்ல வருஷம் பூரா கிச்சன் 28, 30 டிகிரிலயே இருக்கு, போதாததுக்கு ஈரக்காத்து வேற, பயறுக்கு இதைவிட என்ன வேணும். ஆனா கிருமிக்கும் அதேதான் வேணும், பிரச்சினையே அங்கதான்.

பயறோட தோல்ல கண்ணுக்குத் தெரியாத கீறல் நிறைய இருக்கும். வயல்ல சாணி, பறவை எச்சம், அழுக்குத்தண்ணி வழியா சால்மொனெல்லா, இ.கோலை மாதிரி வயித்தைக் கெடுக்கிற பாக்டீரியா அதுக்குள்ள போய் உக்காந்துட்டா காஞ்ச பயறுல மாசக்கணக்கா சாகாம கிடக்கும். ஊறப்போட்டதும் விதைலேர்ந்து சர்க்கரை, புரதம் எல்லாம் கசியும், அதைத் தின்னு ரெண்டு மூணு நாள்ல கிராமுக்கு லட்சக்கணக்குல பெருகிடும். அப்புறம் எத்தனை தடவை அலசினாலும் முழுசா போகாது. 2011ல ஜெர்மனில வெந்தய முளைல இருந்த ஒரு இ.கோலை வகையால கிட்டத்தட்ட 4000 பேர் படுத்தாங்க, 50 பேருக்கு மேல செத்தே போனாங்க.

37 டிகிரில நல்ல சாப்பாடு கிடைச்சா இ.கோலை சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும். ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் 3 மணி நேரத்துல 512, 5 மணி நேரத்துல 32,000ஐத் தாண்டிடும். முளை மேல வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் தேக்கா மார்க்கெட்ல தவ்கே, அதான் பயறு முளை, வாங்கிட்டு பையைத் தூக்கிக்கிட்டே நாலு கடை சுத்தி, சாப்பிட்டு, பஸ் பிடிச்சு வர்ற நேரம் இருக்கே, அதுவே அதுங்களுக்குத் தாராளம்.

ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரில என்ன ஆகுதுன்னா, கிருமியைச் சுத்தி இருக்கிற கொழுப்புச் சவ்வு இறுகிடும், தேங்காயெண்ணெய் கட்டியாகுற மாதிரி. உள்ள என்சைம் வேலையும் மந்தமாகும், சாப்பாடு உள்ள போகாது, பெருக்கம் நின்னுடும். நின்னுடும், அவ்வளவுதான், சாகாது. வெளிய எடுத்து வச்சா மறுபடி ஆரம்பிச்சிடும். லிஸ்டீரியான்னு ஒண்ணு இருக்கு, அது தன்னோட சவ்வுக் கொழுப்பையே மாத்திக்கும், ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் நல்லெண்ணெய் ஓடிக்கிட்டே இருக்கும்ல, அந்த மாதிரி, அதனால 4 டிகிரிலயும் மெதுவா வளரும். மாசமா இருக்கிறவங்களுக்கு அது ரொம்ப ஆபத்து, கரு கலையக்கூட வாய்ப்பிருக்கு. அக்கா மாசமா இருந்தப்ப பச்சை முளைல எலுமிச்சை பிழிஞ்சு கேட்டா, நான் ஒரேயடியா முடியாதுன்னுட்டேன், கோவிச்சுக்கிட்டா, பரவால்ல.

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு சின்ன தெர்மாமீட்டர் போட்டுப் பாத்தேன், உள்தட்டுல 3, கதவுத்தட்டுல 9. முளை டப்பா இத்தனை நாளும் கதவுலதான் இருந்துச்சு! 9 டிகிரில சால்மொனெல்லா மெதுவா வளரவே செய்யும். இப்ப டப்பாவை உள்ள தள்ளியாச்சு.

மோந்து பாத்து நல்லாத்தான் இருக்குன்னு நம்பவும் முடியாது. புளிச்ச வாடையும் வழவழப்பும் பெரும்பாலும் வேற பாக்டீரியா வேலை, வயித்தைக் கெடுக்கிறது லட்சக்கணக்குல இருந்தாலும் வாசம் வராம இருக்கலாம். இதையெல்லாம் நிஜமா கொல்றது சூடுதான், முளை உள்ள வரைக்கும் 75 டிகிரி ஏறணும். அதனால அம்மா இப்ப இட்லிப்பானைல ஆவி பறக்க வேக வச்சு எடுத்துட்டுத்தான் கடுகு, கறிவேப்பிலை தாளிக்கிறாங்க, பல்லுல கடிபடுற பதமும் கொஞ்சம் இருக்கு, அக்காவும் ரெண்டு கிண்ணம் சாப்பிடுறா.