சிங்கி இறாலுக்கு ஊர்க் கட்டுப்பாடு வேண்டும்

சிங்கி இறாலுக்கு (லாப்ஸ்டர்) உயிர் இருந்தால்தான் விலை. காலும் மீசையும் ஒடியாமல் இருந்தால் இன்னும் நல்ல விலை. அதனால் படகு கரை ஏறியதும் அதைத் தனியாக எடுத்து ஈரச் சாக்கில் போட்டு மூடிவிடுவார்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார், பழையாறு என்று மீன் இறங்குதளங்களில் மீனவர்களோடு வேலை பார்க்கிறவன் நான். அந்தச் சாக்கைப் பிரித்தால் உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகளும் முட்டை சுமக்கும் தாய்களும் சேர்ந்து கிடப்பதைப் பார்க்கிறேன். மனசு பதறுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஏற்றுமதியாகும் சிங்கிக்கு மத்திய அரசு 2003-லேயே குறைந்தபட்ச எடை வைத்துவிட்டது. ஹோமாரஸ் என்ற சிங்கி வகைக்கு 200 கிராம், சேற்றுத் தரையில் கிடைக்கும் பாலிஃபேகஸுக்கு 300, பெரிதாக வளரும் ஓர்னேட்டஸுக்கு 500, சப்பட்டையான மணல் சிங்கிக்கு 150. சரி, இந்தத் தராசு எங்கே இருக்கிறது? ஏற்றுமதி வாசலில். அங்கே கழித்த சிங்கி கடலுக்குத் திரும்பப் போவதில்லை, உள்ளூர்ச் சந்தைக்குத்தான் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடையும் விசைப்படகுகளுக்குத்தான். கரையோரம் பைபர் படகில் போய் வலை விடுகிறவரை அது தொடாது. ஆக, சிங்கி பிழைக்குமா சாகுமா என்பது வலையிலிருந்து அதைக் கழற்றுகிற கையில்தான் இருக்கிறது.

தாய்ச் சிங்கியைக் கண்டுபிடிக்க படிப்பு வேண்டாம். மல்லாக்கத் திருப்பினால் போதும். வாலின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை ஒட்டியிருக்கும். நாள் ஆக ஆக அது பழுப்பாகும். நல்ல பழுப்பு என்றால் பொரிக்கப் போகிறது என்று அர்த்தம். ஒரு தாயிடம் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். பொரித்து வரும் குஞ்சு கண்ணாடித் தகடு மாதிரி மெலிசாக, மாதக்கணக்கில் கடலில் மிதந்து அலைந்த பிறகுதான் கடலடித் தரைக்கு வரும். அதற்குள் பெரும்பாலானவை அழிந்துபோகும். அதனால்தான் அத்தனை முட்டை. வியாபாரி கழித்துவிடுவார் என்று சிலர் முட்டையைச் சுரண்டிவிட்டுக் கொண்டுவருகிறார்கள். வாலடித் துடுப்பில் அறுந்த இழைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிங்கி தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தெரியவில்லை.

மும்பைக் கடலில் மணல் சிங்கி ஒரு காலத்தில் ஏராளமாகக் கிடைத்தது. விசைப்படகு இழுக்கும் இழுவை மடி வலையில் தாயும் குஞ்சுமாக வாரியதில் 1994 வாக்கில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது.

இதையெல்லாம் சொன்னால் ஒரு பெரியவர் கேட்டார்: "நான் விட்டா பக்கத்து வலையில விழப்போவுது தம்பி. அத நானே எடுத்துட்டுப் போறனே?" நியாயமான கேள்வி. தனி ஆளாக ஒருவர் விட்டால் நஷ்டம் அவருக்கு மட்டும்தான். ஊரே சேர்ந்து விட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஊரைக் கூட்டி முடிவெடுக்கும் பழக்கம் நம் கரைக்குப் புதிதில்லையே. இன்று யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று பஞ்சாயத்தார் சொன்னால் ஒரு படகு நகராது. மீறினால் தண்டம். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைப் பிரச்சினையில் எத்தனை ஊர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசின! அந்த அதிகாரத்தைச் சிங்கிக்கும் பயன்படுத்துங்கள் என்பதுதான் நான் கேட்பது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1995-இல் வந்த சட்டப்படி கடற்கரையை ஏழு மண்டலமாகப் பிரித்தார்கள். ஒருவர் சிங்கி பிடிக்க எத்தனை கூடு போடலாம் என்பது போன்ற விதிகளில் மண்டலத்து மீனவர்களே வாக்களிக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். முட்டையோடு சிக்கிய தாயின் வால் மடலில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு விட்டுவிடுவார்கள். அடுத்த முறை முட்டை இல்லாமல் சிக்கினாலும் அந்த வெட்டைப் பார்த்தவர் அதைக் கடலில் விட்டாக வேண்டும். அது வேறு கடல், வேறு இனம். ஆனாலும் மீனவர்களே முடிவெடுப்பது நமக்கும் பொருந்தும்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். குஞ்சு மாதக்கணக்கில் மிதந்து போவதால், தரங்கம்பாடியில் விட்ட தாயின் பிள்ளை தரங்கம்பாடிக்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே தாயைக் காக்கும் கட்டுப்பாட்டுக்குப் பல ஊர்கள் சேர வேண்டும். சின்னச் சிங்கி விஷயம் அப்படியில்லை. தரையில் ஒதுங்கிவிட்ட சிங்கி அந்தப் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டைச் சுற்றித்தான் பெரும்பாலும் திரியும். இன்று 100 கிராமில் விட்டால், சில முறை ஓடு கழற்றி 200 கிராம் தாண்டியபின் உங்கள் ஊர் வலைக்கே வர வாய்ப்பு அதிகம். எடை கூடினால் கிலோ விலையும் ஏறும். அதனால் எடைக் கட்டுப்பாட்டை ஒரே ஊர்கூட நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

விடும்போது சிங்கியைப் பிடித்து இழுக்காதீர்கள், கால் ஒடிந்துவிடும். இரண்டு கண்ணியை அறுத்துவிடுங்கள், வலையை அப்புறம் பொத்திக்கொள்ளலாம். வெயில் படாமல், பிடித்த இடத்திலேயே உடனே விட வேண்டும். கரைக்குக் கொண்டுவந்து அலையில் வீசினால் ஒதுங்க இடமில்லாமல் மீனுக்கு இரையாகிவிடும்.

அப்புறம், படகுக்காரருக்கு மட்டும் தண்டம் போட்டால் போதாது. முட்டைச் சிங்கியை வாங்கும் வியாபாரிக்கு அந்த ஊர் ஏலத்தில் இடம் கிடையாது என்பதையும் பஞ்சாயத்தார் அதே கூட்டத்தில் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.