சுற்று உடைப்பானா, மின்துண்டியா?

போன மாதம் பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷட்டவுன் வேலை. ஏ.சி.பி. என்று நாங்கள் சொல்லும் ஏர் சர்க்யூட் பிரேக்கர்கள் ஆறு. கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் கருவி அது. எல்லாவற்றையும் ஆஃப் செய்து, வெளியே இழுத்து, துடைத்து, காண்டாக்ட் பார்த்து, கிரீஸ் மாற்றி, டெஸ்ட் செய்து திரும்ப மாட்ட வேண்டும். பேனல் கதவில் கன்னடம், இந்தி, தமிழ் என மூன்று மொழியிலும் புதிதாக ஒரு பாதுகாப்பு அட்டை ஒட்டியிருந்தார்கள். என்னோடு வந்திருந்த கிருஷ்ணகிரிப் பையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அட்டையில் உள்ளபடி ஆறையும் சரிபார்த்துச் சொல்லச் சொன்னேன்.

அட்டையின் தமிழ் வரி இது: “பராமரிப்புக்கு முன் சுற்று உடைப்பான் உடைந்த நிலையில் உள்ளதை உறுதி செய்யவும்.”

பையன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தான். “எதுவும் உடையலைண்ணா. விரிசல்கூட இல்ல. ஆறும் நல்லா இருக்கு.”

அவன் சொன்னதில் தவறே இல்லை. தமிழ் தெரிந்த எவனும் அந்த வரியை அப்படித்தான் படிப்பான். பிரேக்கரின் முகப்பில் நிலையைக் காட்டும் சின்னக் கொடி இருக்கும்: ஆஃப் என்றால் பச்சை, ஆன் என்றால் சிவப்பு. நான் போய்ப் பார்த்தபோது ஐந்தில் பச்சைக் கொடி, ஆறாவதில் சிவப்பு. அது ஆனில் இருந்தது, 415 வோல்ட் மின்சாரம் அதன் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அட்டை எழுதியவர் சொல்ல வந்தது “ஆஃபில் இருக்கிறதா பார்” என்ற ஒரே விஷயம்தான். அது தமிழில் வந்து சேரவில்லை.

‘சுற்று உடைப்பான்’ என்ற இந்தப் பெயரையும் அதன் உறவான ‘மின்சுற்று முறிப்பான்’ என்பதையும் பல வருடமாகக் கையேடுகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவ்வளவு நாள் விட்டுவிட்டேன். இனி விட முடியாது.

ஆங்கிலப் பெயரின் வரலாறு சுருக்கமானது. சர்க்யூட் என்பது லத்தீனில் ‘சுற்றிப் போவது’. பிரேக் என்பது பழைய ஆங்கில வினை. மின்னோட்டத்தை இணைப்பதை ‘மேக்’ என்றும் நிறுத்துவதை ‘பிரேக்’ என்றும் சொல்லும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. வீட்டு போர்டில் இருக்கும் சின்ன பிரேக்கரான எம்.சி.பி.க்கு 1924இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்து ஹூகோ ஸ்டோட்ஸ் காப்புரிமை வாங்கினார். கவனிக்க வேண்டியது, அந்த ஜெர்மன்காரர்களே இதை உடைப்பான் என்று சொல்வதில்லை. பெரிய பிரேக்கருக்கு அவர்கள் வைத்த பெயருக்கு ‘திறன் சுவிட்ச்’ என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களின் சொல்லுக்கு ‘இணைப்பு நீக்கி’ என்று பொருள் வரும். இந்தியில் ‘பரிபத் வியோஜக்’. அதிலும் உடைப்பு கிடையாது. ஆங்கிலத்துக்கு வெளியே இவர்கள் எல்லோரும் கருவி என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். நம்மவர் அகராதியைத் திறந்து ‘பிரேக் = உடை’ என்று எடுத்துக்கொண்டார்.

உடைவது என்றால் தமிழில் என்ன? பானை உடையும், கண்ணாடி உடையும், ஏரிக்கரை உடையும். உடைந்தது பழையபடி ஆகாது. பிரேக்கரின் பிழைப்போ திரும்பத் திரும்ப மூடுவதில்தான் இருக்கிறது. 11 கே.வி. (11,000 வோல்ட்) வாக்குவம் பிரேக்கர்களில், அதாவது வெற்றிடத்துக்குள் காண்டாக்ட் பிரியும் வகையில், பல 10,000 முறை திறந்து மூடும்படி செய்யப்பட்டவை. பங்குச் சந்தையிலும் இதே பெயரில் ஓர் ஏற்பாடு உண்டு. 2020 மார்ச் 23 அன்று மும்பையில் குறியீடு 10 சதவீதம் விழுந்ததும் வணிகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள், பிறகு தொடங்கினார்கள். நிறுத்தி வைத்ததைத்தான் மறுபடி தொடங்க முடியும், உடைத்ததை அல்ல.

சரி, உடைப்பானை ஒதுக்கிவிடலாம். ‘முறிப்பான்’ என்பதற்கு வழக்காடுகிறவர்கள் இன்னும் வலுவானவர்கள். அல்சூரில் இருக்கும் தமிழாசிரிய நண்பர் ஒருவரோடு இதைப் பற்றி இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசியாயிற்று. அவர் கேட்டது: “முறி என்றால் எப்போதும் அழிவுதானா? நெட்டி முறிக்கிறோம், விரல் போய்விடுகிறதா? சோம்பல் முறிக்கிறோம், உடம்பு போய்விடுகிறதா? விஷமுறிவு என்கிறோமே, அது நல்ல காரியம்தானே?” நியாயமான கேள்வி. முதல் ஞாயிறு எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த வாரம் சொன்னேன். நெட்டி முறிப்பதில் விரல் முறிவதில்லை, நெட்டிதான் முறிகிறது. அது அத்தோடு போயிற்று. முறிந்த சோம்பலும் போயிற்று. முறிந்த விஷம் திரும்ப வரக்கூடாது, வந்தால் மருந்து சரியில்லை. ஆக அவர் காட்டிய மூன்றிலும் முறிந்தது முடிந்துபோகிறது. மின்சாரம் அப்படி முடிந்துபோக வேண்டியதா? ஷிப்ட் தொடங்கும்போது அதே கம்பியில் அதே மின்சாரம் வந்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ‘முறிவு’ என்ற சொல்லை மின்துறைத் தமிழ் ஏற்கெனவே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. மின்காப்புப் பொருள் தாங்க முடியாமல் மின்சாரத்தை வழிய விட்டுவிடும் அளவு மின்னழுத்தத்துக்குப் பள்ளி இயற்பியல் புத்தகத்திலேயே ‘முறிவு மின்னழுத்தம்’ என்று பெயர். மிகப் பொருத்தமான பெயர். 12 கே.வி. வகுப்பு பிரேக்கருக்குத் தொழிற்சாலையிலேயே 28 கே.வி. கொடுத்து ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். பார்ப்பது முறிவு வருகிறதா என்றுதான். வந்தால் பிரேக்கர் தோற்றது. அதே கருவிக்கு ‘முறிப்பான்’ என்று பெயரும் வைத்து, அதன் வேலையை ‘முறிவு’ என்றும் சொன்னால், டெஸ்ட் ரிப்போர்ட்டில் “முறிப்பானில் முறிவு ஏற்பட்டது” என்று எழுதினால் என்ன பொருள்? வேலை செய்தது என்றா, செத்துவிட்டது என்றா? நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெயர்ப்பலகையில் இருக்கும் ‘பிரேக்கிங் கெப்பாசிட்டி 50 கிலோ ஆம்பியர்’ என்பதையும் பாருங்கள். ஷார்ட் சர்க்யூட்டில் 50,000 ஆம்பியர் பாய்ந்தாலும் இது அறுத்து நிறுத்திவிடும் என்பது அதன் பொருள். ‘உடைப்புத் திறன்’, ‘முறிவுத் திறன்’ என்று எழுதினால், 50,000 ஆம்பியரில் இந்தப் பெட்டி உடைந்துவிடும் என்றுதான் படிக்கிறவனுக்குத் தோன்றும். நேர் எதிர்ப்பொருள்.

என் பரிந்துரை ‘மின்துண்டி’. வேர் புதிதல்ல. துணித்தல் என்றால் வெட்டுதல். நெய்ததிலிருந்து வெட்டியதால்தான் துணிக்குத் துணி என்று பெயர். துண்டும் துண்டித்தலும் அதன் பக்கத்துச் சொற்கள். பில் கட்டாத வீட்டில் ‘மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்கிறோம். பணம் கட்டினால் இணைப்பு திரும்ப வரும் என்பது அந்தச் சொல்லிலேயே எல்லோருக்கும் புரிகிறது. போன் பேசும்போது அழைப்பு துண்டிக்கப்படுகிறது, மறுபடி அழைக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நடுவில் நிறுத்துவதுதான் துண்டித்தல். பேச்சைத் துண்டிக்கலாம், பேச்சை உடைக்க முடியாது.

சாதாரண மக்களும் இப்படித்தான் மின்சாரத்தைப் பார்க்கிறார்கள். என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் அது. அங்கே வேலை செய்த தமிழர் வாயில் கரண்ட், லைன், பீஸ் (ஃபியூஸ்) எல்லாம் மூன்று தலைமுறைப் பழக்கம். பீஸ் ‘போகும்’, கரண்ட் ‘கட்’ ஆகும். கரண்ட் உடைந்தது என்று தாத்தா சொல்லி நான் கேட்டதில்லை, வேறு எவரும் சொல்லியும் கேட்டதில்லை.

கருவிக்குள் நடப்பதும் இந்தச் சொல்லுக்குத்தான் சாட்சி சொல்கிறது. காண்டாக்ட் இரண்டும் பிரிந்த உடனே மின்னோட்டம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. இடைவெளியில் மின்வில் என்னும் நெருப்புப் பாலம் பிடித்துக்கொள்ளும், பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் எரியும், மின்னோட்டம் அதன் வழியே ஓடிக்கொண்டேயிருக்கும். சுற்று ‘உடைந்து’விட்டது, மின்சாரம் இன்னும் நிற்கவில்லை! நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவதால் நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுகிறது. அப்படித் தொடும் கணத்தில் மின்வில் அணையும். அணைந்தது மறுபடி பற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் பிரேக்கரின் உண்மையான வேலை. ஏ.சி.பி.யில் காண்டாக்டுக்கு மேலே அடுக்கிய ஆர்க் சூட் தகடுகள் மின்வில்லைத் துண்டு துண்டாக்கிக் குளிரவைக்கும். வாக்குவம் பாட்டிலில் மின்வில் நீடிக்கக் காற்றே இருக்காது, 11 கே.வி.க்கே ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளி போதும். பெங்களூர் ‘நம்ம மெட்ரோ’வின் 750 வோல்ட் டி.சி. ஒரே திசையில் ஓடுவது, அதில் பூச்சியமே வராது, அங்கே மின்னோட்டத்தை வலிந்து இறக்க வேண்டும். இந்தக் கருவி கைவைப்பது மின்னோட்டத்தின் மேல். அதனால்தான் ‘சுற்று’ வேண்டாம், ‘மின்’ போதும் என்கிறேன்.

‘துண்டிப்பான்’ என்று வைத்தால் என்ன என்று நண்பர் கேட்டார். பொருளில் குறை இல்லை. ஆனால் கருவிக்கு இகர ஈறு வைப்பது நம் மரபு: மண்வெட்டி, பாக்குவெட்டி, சுமைதாங்கி, இடிதாங்கி. மின்மாற்றியும் உருகியும் அதே வழியில் வந்ததால்தான் ஒட்டிக்கொண்டன. துண்டி என்பது ஏவல்வினை மாதிரி இருக்கிறதே என்றால், கத்தரி என்ன? கத்தரி என்றால் வெட்டு, வெட்டும் கருவியும் கத்தரிதான். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

பிரேக்கருக்குப் பக்கத்தில், மின்சாரம் நின்ற பிறகு லைனைப் பிரித்து வைக்கும் ஐசொலேட்டருக்கும் இந்தச் சொல்லை வைத்துவிடக் கூடாது. இது உயிர் சம்பந்தப்பட்டது. ஐசொலேட்டருக்கு மின்வில்லை அணைக்கும் சக்தி கிடையாது, லோடு ஓடும்போது திறந்தால் எதிரில் நிற்பவன் வெந்துபோவான். முதலில் பிரேக்கர், அப்புறம்தான் ஐசொலேட்டர். அதற்குப் ‘பிரிப்பி’ என்று வைக்கலாம்: ஓட்டம் நின்றதைப் பிரித்து வைப்பது. துண்டித்த பிறகு பிரி என்றால் வேலை வரிசையும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. நான் பார்த்த ஒரு கையேட்டில் இரண்டுக்கும் ‘உடைப்பான்’ என்றே போட்டிருந்தார்கள். எழுதியவர் ஒரு தடவையாவது பேனல் முன் நின்றிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள வருத்தமும் இதுதான். ட்ரிப் காயிலுக்குப் ‘பயணச் சுருள்’ என்று போடுகிறார்கள். இறுக்கி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தாழைத் தட்டிவிடுவதுதான் அங்கே ட்ரிப், பயணம் எங்கிருந்து வந்தது? மின்சாரம் இருக்கும் பாகங்களைச் சொல்லும் லைவ் பார்ட்ஸ் ‘உயிருள்ள பாகங்கள்’ ஆகிறது. ஓப்பன் பொசிஷன் ‘திறந்த நிலை’ ஆகிறது. இது பார்க்கச் சரி மாதிரி இருக்கும், அதனால்தான் ஆபத்து அதிகம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மதகைத் திறந்தால் வெள்ளம் வரும். திறப்பு என்றால் ஓட்டம் என்பது நம் புத்தியில் ஊறியது. மின்சாரத்தில் திறந்தால் ஓட்டம் நிற்கும். புதுப் பையன் எதை நம்புவான்? துண்டி என்ற சொல் இருந்தால் ‘துண்டித்த நிலை’, ‘இணைத்த நிலை’ என்று சோடி கிடைக்கிறது. துண்டிப்புத் திறன், இணைப்புத் திறன் என்று பெயர்ப்பலகையும் தமிழாகிறது.

பேச்சில் பிரேக்கர் என்று சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. நானும் அப்படித்தான் சொல்கிறேன். தப்பான தமிழைவிடப் புரிந்த பிரேக்கர் நல்லது. எழுத்தில் தமிழ் வேண்டும் என்றால் வேலை தெரிந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுத வேண்டும். தூய்மை அதற்கு அப்புறம்.

அந்தத் தொழிற்சாலையில் மேலாளரிடம் பேசி, தமிழ் வரியை மாற்றச் சம்மதம் வாங்கினேன். இப்போது ஒட்டியிருப்பது: “பிரேக்கர் (மின்துண்டி) ஆஃப் ஆகி, துண்டித்த நிலையில் இருக்கிறதா? கொடி பச்சையா? வெளியே இழுத்தாயிற்றா? டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கவும்.” பையனை அழைத்துப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்ததும் அவன் கண் தானாகக் கொடிக்குப் போயிற்று.