துபாய்க்கு இரண்டே முக்கால் மணி நேரமா?

களியக்காவிளையில் டிராவல்ஸ் நடத்துகிறேன். போன வாரமும் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். "போறதுக்கு ரெண்டே முக்கால் மணி நேரம், வர்றதுக்கு அஞ்சரையா? ஊரைச் சுத்தி வர்ற விமானத்தைப் போட்டுட்டீங்களே அண்ணா!"

அவர் டிக்கெட்டில் இருந்தது இதுதான்: திருவனந்தபுரத்தில் காலை 4.15க்குப் புறப்பாடு, துபாயில் 7.00க்கு இறக்கம். திரும்பும்போது அங்கே இரவு 10.00, இங்கே விடிகாலை 3.30.

ஐயா, டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ஏழு என்றால் களியக்காவிளையில் எட்டரை. ஆக, போக நாலேகால் மணி நேரம். வரும்போது அதே ஒன்றரையைக் கழியுங்கள், நாலு. மிச்ச கால் மணி வித்தியாசம் காற்றின் வேலை, சீசனுக்கு சீசன் மாறும். மஸ்கட்டுக்கும் இதே கணக்கு. கத்தார், குவைத், சவுதி என்றால் இரண்டரை மணி நேரம் பின்னால். லண்டனுக்குக் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. அவர்கள் கடிகாரத்தையே வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறவர்கள்.

சண்டைக்காரரைச் சமாளித்துவிடலாம். சர்க்கரை நோயுள்ள ஒரு அம்மாவை, "மூணு மணி நேரம்கூட இல்லை, மகன் வீட்டில் போய்ச் சாப்பிடலாம்" என்று அனுப்பிவைத்தார்களே, அதுதான் தாங்கவில்லை. மாத்திரை போட்டாயிற்று, சாப்பாடு இல்லை. நள்ளிரவில் வீட்டை விட்டுக் கிளம்பியவர். துபாயில் இறங்கும்போது வியர்த்து, கை நடுங்கி, வீல்சேரில்தான் வெளியே வந்தார்.

இன்னொரு கூட்டம் போனை நீட்டும்: "தூரம் 2,950 கிலோமீட்டர்தான், மூணே முக்கால் மணி நேரம்னு போட்டிருக்கே?" அது பூமி உருண்டையின் மேல் நேர்கோடு போட்டு, ஒரே வேகத்தால் வகுத்த கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்க இடமில்லாமல் மேலே வட்டமடிப்பதும் அதில் கிடையாது. வான்வெளி மூடினால் அந்தக் கோடே செல்லாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் நம் விமானங்களுக்கு வழியை மூடியபோது டெல்லி–லண்டன் பயணம் நீண்டுபோனது. நல்லவேளை, நம் துபாய் வழி கடல் மேல்.

புக் செய்யும்போது 'பயண நேரம்' என்று தனியாகக் காட்டுவார்கள், அதைப் பாருங்கள். நீங்களே கழித்துப் பார்க்க வேண்டாம். வயதானவர்களுக்குச் சாப்பாடு சேர்த்து டிக்கெட் போடுங்கள். மாத்திரை, இன்சுலின் நேரத்தை டாக்டரிடம் முன்பே கேளுங்கள், தயவுசெய்து. 15ஆம் தேதி 00.40 என்றால் 14ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். பகல் விமானமென்றால் வழியில் பாலராமபுரம் ஜங்ஷன் நெரிசலுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள். வெளிநாட்டு விமான முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் இருக்கும் சங்குமுகத்தில் போய் நிற்காதீர்கள். அப்புறம், பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம், அதாவது சாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம், இந்த ஏர்போர்ட் ஓடுபாதையைக் கடந்துதான் கடலுக்குப் போகும். பங்குனியிலும் ஐப்பசியிலும் அந்த மாலை சில மணி நேரம் விமானமே கிடையாது. அந்த நாட்களில் டிக்கெட் இருந்தால் முந்தின நாளே ஒரு போன் போட்டு நேரம் மாறியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.