17 நாள் இடைவெளி, பல ஆண்டு காயம்: ஓட்டக்காரரின் உடல் எதை இழக்கிறது, எதை வைத்திருக்கிறது?

“ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் காயத்தில் முடங்கிப்போன பிறகு, எல்லோரும் மறந்த நேரத்தில் திரும்பி வந்து வெல்கிறாரே, உடல் எப்படி ஒத்துழைக்கிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் தேட, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் இரண்டு மாரத்தான்களே போதும்.

ஆகஸ்ட் 5 அன்று பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அதிலிருந்து 17 நாள் கழித்து நடந்த அமெரிக்கத் தகுதிப் போட்டியில் ஓடி, அதிலும் முதலாவதாக வந்திருந்தார். பெண்கள் மாரத்தான் நடந்து ஒரு வாரத்தில் ஆண்கள் மாரத்தான். போர்ச்சுகலின் கார்லோஸ் லோபெஸ் 37 வயதில் 2:09:21 என்ற ஒலிம்பிக் சாதனையுடன் வென்றார். அந்தச் சாதனை 2008 வரை நின்றது. லோபெஸ் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் பின்லாந்தின் லாசே விரேனுக்கு அடுத்து வெள்ளி வென்றவர். அதன்பின் குதிகால் நாணில் (தசையை எலும்போடு இணைக்கும் பட்டையில்) ஏற்பட்ட காயம் அவரைப் பல பருவங்கள் முடக்கிப்போட்டது. லாஸ் ஏஞ்சலஸுக்குப் புறப்படும் முன்பு பயிற்சியில் கார் ஒன்றும் மோதியது. அடுத்த ஆண்டு ரோட்டர்டாமில் 2:07:12 ஓடி, உலகின் அதிவேக மாரத்தானைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 38.

இத்தகைய வெற்றிகளை மன உறுதி என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுவது வழக்கம். மன உறுதியை நானும் மதிக்கிறேன். ஆனால் அது தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோய்ச் சேர்க்காது. அந்த வேலையைச் செய்வது இரத்தம்.

நுரையீரல், இதயம், தசை என்ற பாதை பள்ளியில் படித்ததுதான். ஒரு நிமிடத்தில் உடலால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே நெடுந்தூர ஓட்டக்காரரின் முதல் மூலதனம். பயிற்சி செய்தாலும் இதயத்தின் உச்சத் துடிப்பு எண்ணிக்கை கூடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

எட்வர்ட் கோயில் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1984-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நன்கு பயிற்சி பெற்ற ஏழு பேரைப் பயிற்சியை முற்றிலும் நிறுத்தச் சொன்னார்கள். 21 நாளில் அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் அளவு 7 சதவீதம் இறங்கியது. எட்டு வாரத்தில் 16 சதவீத இழப்பில் வந்து நின்றது. அவ்வளவு வேகமாக என்ன தொலைந்தது? இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு தந்த விடை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

தொலைந்தது, பெரும்பாலும், தண்ணீர்.

கடுமையாக ஓடுகிறவரின் உடல் சூடேறி வியர்வையைக் கொட்டுகிறது. இது நாள்தோறும் நடந்தால் உடல் முன்கூட்டியே சேமிக்கத் தொடங்குகிறது. ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் சொற்படி சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கிறது. உப்பு இருக்கும் இடத்தில் நீர் தங்கும். இரத்தக் குழாய்க்குள் அல்புமின் புரதமும் கூடுகிறது. அதுவும் நீரை உள்ளே இழுக்கிறது. இப்படி இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா சில நாட்களிலேயே பெருகிவிடுகிறது. (சிவப்பணுக்கள் இந்த வேகத்தில் கூடுவதில்லை. அதனால்தான் நல்ல ஓட்டக்காரரின் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகத் தெரிந்து, சோகை என்று வீட்டார் பயப்படுவதும் உண்டு.)

பெருகிய இரத்தம் இதயத்தின் கீழறையை ததும்பத் ததும்ப நிரப்புகிறது. சுவர்கள் விரிகின்றன. உண்டிவில்லின் ரப்பரை எவ்வளவு பின்னால் இழுக்கிறோமோ அவ்வளவு வேகமாகக் கல் பாய்வதுபோல, எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வலுவாக இதயத் தசை சுருங்குகிறது. இதற்கு ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதி என்று பெயர். நரம்போ மூளையோ கட்டளையிட வேண்டியதில்லை. வந்த இரத்தத்தை வந்த அளவுக்கு இதயமே வெளியே தள்ளிவிடுகிறது. உடலியங்கியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அறியேன்.

ஓட்டத்தை நிறுத்தினால் சேமிப்புக்குத் தேவையில்லை. சிறுநீரகம் உபரி நீரை விட்டுவிடுகிறது. கோயில் குழுவின் 1986 சோதனையில், இரண்டு முதல் நான்கு வாரம் ஓய்வெடுத்த வீரர்களின் இரத்த அளவு 9 சதவீதமும், ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் 12 சதவீதமும் குறைந்திருந்தன. டெக்ஸ்ட்ரான் கரைசலை (இரத்தக் குழாய்க்குள் நீரைத் தக்கவைக்கும் ஒரு சர்க்கரைச் சேர்மம்) சிரையில் ஏற்றி இரத்த அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பயிற்சி எதுவும் இல்லாமலேயே இதயத்தின் வெளியேற்றம் ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. தசை தேயவில்லை, இதயம் பலவீனமாகவில்லை. நிரப்ப ஆளில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பெனாய்ட்டின் 17 நாள் இந்தக் கால அளவுக்குள் அடங்குகிறது. அவர் அந்த நாட்களில் சும்மாவும் இருக்கவில்லை. நிலையான மிதிவண்டியின் பெடலைக் கைகளால் சுழற்றிப் பயிற்சி செய்தார். காலுக்கு ஓய்வு, இதயத்துக்கு வேலை.

லோபெஸின் கதைக்கு வேறு கணக்கு வேண்டும். அதே 1984 சோதனையில் தசைக்குள் இருந்த தந்துகிகளையும் (மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்களையும்) எண்ணினார்கள். 84 நாள் ஓய்வுக்குப் பிறகும் அவை குறையவில்லை. பயிற்சியே செய்யாதவர்களைவிட 50 சதவீதம் அதிகமாகவே இருந்தன. ஆண்டுக்கணக்கில் ஓடி வெட்டிய வாய்க்கால்கள் எளிதில் தூர்வதில்லை. 1966-இல் டல்லஸில் 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்துச் சோதித்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி அழைத்து உச்ச ஆக்சிஜன் அளவை அளந்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததைவிடக் குறைவாகவே 30 ஆண்டு முதுமை பறித்திருந்தது. ஆறு மாதப் பயிற்சியில் அவர்கள் தங்கள் 20 வயது அளவை எட்டினார்கள். அதுவும் இதயம் கூடுதலாக இறைத்ததால் அல்ல. தசைகள் இரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டதால்.

ஏழு பேர், ஐந்து பேர். இவ்வளவு சிறிய குழுக்கள் நமக்கு இவ்வளவு சொல்லியிருக்கின்றன. பதக்கம் வாங்கியவருக்கு மாலை போடப் பணம் இருக்கிறது. ஓய்வுபெற்றவரை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து அளக்கப் பணம் கேட்டால் கையை விரிக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.  டல்லஸ் போன்ற சோதனைக்குப் பொறுமையான நிதி தேவை.

அப்படியென்றால் திரும்பி வர முயல்கிறவர்களில் பலர் ஏன் தோற்கிறார்கள்? இரத்தம் சில வாரத்தில் திரும்பிவிடுகிறது, எலும்பும் நாணும் அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழைய பகுதியைக் கரைத்துக் குழி பறிக்கிறது. பிறகே புதிதாகக் கட்டுகிறது. இந்த ஒரு சுற்றுக்கு மாதங்கள் ஆகும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் மூச்சு சீராகி, “பழைய வேகம் வந்துவிட்டது” என்று ஓட்டக்காரர் மகிழும் நேரத்தில்தான் எலும்பு குழிகளோடு இருக்கிறது. அப்போது தூரத்தைக் கூட்டினால் விரிசல் விழுகிறது.

ஏதென்ஸ் 2004 ஒலிம்பிக் மாரத்தானில் வெள்ளி வென்ற அமெரிக்க ஓட்டக்காரர் மெப் கெஃப்லெசிகி, 2007 நவம்பரில் அமெரிக்கத் தகுதிப் போட்டியில் இடுப்பெலும்பு விரிசலுடன் எட்டாவதாக முடித்தார். இனி அவ்வளவுதான் என்று பலரும் நினைத்தார்கள். அவர் நியூயார்க் மாரத்தானை வென்றது 2009 நவம்பரில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து. 2014-இல் பாஸ்டனை 2:08:37-இல் வென்றபோது 39-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரமே இருந்தது.