வி.ஆர். ஹெட்செட்: காசு போவது லென்ஸுக்கு

வேலூரில் செல்போன் உதிரிபாகம் விற்கும் கடையில் சில நூறு ரூபாய்க்கு, போனை உள்ளே வைத்துக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஒரு வி.ஆர். (மெய்நிகர் மெய்மை) பெட்டி கிடைக்கும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளிவந்த ஆப்பிள் விஷன் ப்ரோவின் விலை 3,499 டாலர். அடிப்படை வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி வைத்த திரையைக் கண்ணால் குவித்துப் பார்க்க முடியாது. நடுவில் இருக்கும் லென்ஸ், அந்தத் திரை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோல் காட்டுகிறது. இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள் போகின்றன. ஆழத்தை மூளை தானே உண்டாக்கிக்கொள்கிறது.

முதலில் மலிவுப் பெட்டி. உள்ளே வைக்கும் போனின் திரை 2400 x 1080 பிக்சல் என்றால், ஒரு கண்ணுக்கு வருவது அகலவாட்டில் 1200. லென்ஸ் அதைச் சுமார் 90 டிகிரிக்கு விரிக்கிறது. 1200-ஐ 90-ஆல் வகுத்தால் டிகிரிக்குச் சுமார் 13 பிக்சல். நல்ல பார்வையுள்ள கண் டிகிரிக்கு 60 வரை பிரித்தறியும். கொசுவலைக்குப் பின்னால் இருந்து பார்ப்பதுபோல் படம் தெரிவது இதனால்தான்.

அதைவிடப் பெரிய குறை அசைவில் இருக்கிறது. போனில் உள்ள கைராஸ்கோப்புக்குத் தலை திரும்புவது தெரியும், நகர்வது தெரியாது. நீங்கள் முன்னால் குனிந்தால் காட்சியும் கூடவே வரும். உடம்பு நகர்ந்தது என்று காதிலுள்ள சமநிலை உறுப்பு சொல்ல, இல்லை என்று கண் சொல்லும். தலைசுற்றலும் குமட்டலும் அங்கிருந்து தொடங்குகின்றன. விலை குறைந்த சில போன்களில் கைராஸ்கோப்பே இருக்காது. தலையை எப்படித் திருப்பினாலும் படம் சரியாகத் தொடராது. பெட்டி வாங்குமுன் போனில் அது உண்டா என்று பாருங்கள்.

நடு விலையில்தான் ஒப்பிட நிறைய இருக்கிறது. மெட்டா குவெஸ்ட் 3 (2023), குவெஸ்ட் 3எஸ் (2024) இரண்டிலும் ஒரே ஸ்னாப்டிராகன் எக்ஸ்.ஆர்.2 ஜென் 2 சிப், ஒரே 8 ஜி.பி. ரேம். அமெரிக்காவில் வெளியானபோது முன்னது 499 டாலர், பின்னது 299. அந்த 200 டாலர் வித்தியாசத்தை முக்கியமாகக் கண்ணெதிரே பார்க்கலாம்: லென்ஸ், திரை.

3எஸ்-இல் இருப்பது ஃப்ரெனல் லென்ஸ். தடித்த லென்ஸின் வளைவை மட்டும் வட்ட வட்டப் பள்ளங்களாகத் தட்டையான பிளாஸ்டிக்கில் வெட்டியிருப்பார்கள். எடையும் குறைவு, செலவும் குறைவு. ஆனால் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும்போது அதிலிருந்து கீற்றுகள் கிளம்புவதைக் காணலாம். பார்வை நடுவை விட்டு விலகினால் எழுத்து மங்கும்.

குவெஸ்ட் 3-இல் இருப்பது பேன்கேக் லென்ஸ். பழைய வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் வைனு பாப்பு தொலைநோக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் 2.34 மீட்டர் ஆடியில் பட்ட ஒளி மேலே போய், சிறிய ஆடியில் பட்டுத் திரும்பி, பெரிய ஆடியின் நடுத்துளை வழியாக இறங்குகிறது. நீண்ட பாதையை மடித்துக் குறுகிய இடத்தில் அடக்கும் உத்தி அது. பேன்கேக் லென்ஸும் ஒளியை உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் அனுப்பி மடிக்கிறது. அதனால் லென்ஸ் திரைக்கு நெருங்கி உட்கார, ஹெட்செட் மெலிகிறது. ஓரம்வரை எழுத்து தெளிவாக இருக்கிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் அரைக்கண்ணாடியை ஒளி இருமுறை சந்திக்கிறது. ஒவ்வொரு முறையும் பாதி போனால், கண்ணுக்கு வருவது அதிகபட்சம் கால் பங்கு. ஈடுகட்டத் திரை கூடுதலாக ஒளிர வேண்டும். பேட்டரி கரையும், சூடு ஏறும்.

வாங்குவோர் பெரும்பாலும் பார்க்கத் தவறுவது கண்மணி இடைவெளி, அதாவது இரு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். லென்ஸ்களை அதற்கு ஏற்ப நகர்த்த வேண்டும். 3எஸ்-இல் 58, 63, 68 மி.மீ. என மூன்றே நிலைகள். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருகி நுணுக்கமாக வைக்கலாம்; 53 முதல் 75 வரை இடைவெளி உள்ளவர்களுக்கு அது பொருந்தும். அளப்பது எளிது. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு 20 செ.மீ. தள்ளி நின்று, மி.மீ. கோடுள்ள ஸ்கேலைப் புருவத்தில் ஒட்டிப் பிடியுங்கள். வலக்கண்ணை மூடி, இடக் கண்மணியின் நடுவில் 0 வரும்படி வையுங்கள். தலையையும் ஸ்கேலையும் அசைக்காமல் இடக்கண்ணை மூடி, வலக் கண்மணியின் நடுவில் நிற்கும் எண்ணைப் படியுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். 63 வந்தால் 3எஸ் தாராளமாகப் போதும். 72 வந்தால் விலை கூடினாலும் குவெஸ்ட் 3-தான். இல்லாவிட்டால் படம் மங்கி, கண் வலிக்கும்.

கலப்பு மெய்மை என்பது வெளியே உள்ள அறையைக் கேமரா வழியே காட்டி, அதன்மேல் பொருள்களை வரைவது. இரண்டு குவெஸ்ட்டிலும் வண்ணக் கேமராக்கள் உண்டு. ஆழத்தை அளக்கும் தனி சென்சார் 3-இல் மட்டும்தான். கேமரா பார்த்தது திரையில் வரத் தாமதமானால், நீட்டிய கை ஓரிடத்திலும் தெரியும் கை ஓரிடத்திலுமாக இருக்கும். விஷன் ப்ரோவில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. ஆர்1 என்ற தனி சிப் கேமராப் படத்தை 12 மில்லிவினாடிக்குள் திரைக்குக் கொண்டுவருகிறது. இரு திரைகளிலும் சேர்த்து 2.3 கோடி பிக்சல். ஆனால் தலையில் 600 கிராமுக்கு மேல் பாரம், பாக்கெட்டில் 353 கிராம் பேட்டரி, சுமார் இரண்டு மணி நேர ஓட்டம். அது இயங்க ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பம் 0 முதல் 30 டிகிரி. வேலூரின் மே மாதத்தில் ஏ.சி. அறைக்கு வெளியே அதற்கு இடமில்லை.

ஹெட்செட்டின் கேமராக்கள் மூலைகளையும் விளிம்புகளையும் பார்த்துத்தான் இடத்தைக் கணிக்கும். சுண்ணாம்பு அடித்த வெற்றுச் சுவரில் அவற்றுக்குப் பிடி கிடைக்காது, காட்சி வழுக்கும். ஒரு காலண்டர் மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டியூப் லைட் அடியில் படம் துடித்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் செட்டிங்ஸில் டிராக்கிங்கை 50-க்கு மாற்றுங்கள். ஏ.சி. அறையில் குளிர்ந்த லென்ஸ் முகச்சூட்டில் பனிபூத்தால், ஐந்து நிமிடம் பொறுங்கள். துடைத்துத் துடைத்துக் கீறல் போட வேண்டாம்.

வெயில்தான் மீளமுடியாத சேதம் செய்வது. லென்ஸ் மேல்நோக்கி இருக்க ஜன்னலோரம் வைத்தால், பூதக்கண்ணாடி காகிதத்தைக் கருக்குவதுபோல் அது சூரியனைத் திரைமேல் குவிக்கும். சற்று நேரத்திலேயே மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி விழுந்துவிடும். திரையை மாற்றாமல் அது போகாது. கழற்றிய உடனே லென்ஸைத் துணியால் மூடி, மொட்டை மாடிக்கோ கோட்டை வெளிக்கோ எடுத்துப் போகாமல், அலமாரிக்குள் வையுங்கள்.